வளர்ச்சி குன்றிய பெரிய கணக்கு

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்கள் இரண்டு பேர். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு எடுப்பவர் பெரிய கணக்கு. ஆறு, ஏழு, எட்டுக்கு எடுப்பவன் சின்னக் கணக்கு. பிள்ளைகள் வைத்த பெயர்தான் என்றாலும், நாளாக நாளாகத் தலைமையாசிரியரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சின்னக் கணக்கு வேறு யாருமில்லை, பெரிய கணக்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. வேலைக்கான தேர்வுக்கு அவனைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு மாதம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவரே பெரிய கணக்குதான். பிற்பாடு அந்த ஆறு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

பெரிய கணக்குக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பு வாசலில் நிற்பார். அவர் கரும்பலகையில் போட்ட வட்டத்தைக் காம்பஸ் வைத்துச் சரிபார்த்தவர்கள் உண்டு. குறை கண்டுபிடித்தவர்கள் இல்லை. அவர் வகுப்பில் பேச்சுமூச்சு இருக்காது. இரண்டு வருடத்துக்குள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்து அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவர் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தலைமையாசிரியர் அறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும், பீரோவை எந்தச் சுவரோரம் நகர்த்துவது என்று மனதுக்குள் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் வருவார்.

இதற்கு நடுவே வந்து சேர்ந்ததுதான் அரவணைப்பு மையம்.

ஆசிரியர் மேம்பாட்டு மற்றும் அரவணைப்பு மையம் என்பது முழுப்பெயர். நான்கு மாடிக் கட்டடம். ஆசிரியர்களை வளர்ப்பதும், தளர்ந்தால் தாங்கிப் பிடிப்பதும், தலைமையாசிரியர்களை உருவாக்குவதும் தன் வேலை என்று வாசலில் எழுதி வைத்திருந்தது. உள்ளே போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் தங்கள் மனநிலை என்னவோ அதைக் காட்டும் முகப்படம் ஒன்றை எடுத்துச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அழுகிற முகம் காலை ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும். அதனால் தாமதமாக வந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு திரிந்தார்கள். மையம் அதையும் கணக்கெடுத்து, ஆசிரியர்களில் பாதிப்பேர் மகிழ்ச்சியாக இருப்பதாக அறிக்கை வெளியிட்டது.

மையம் முதல் காரியமாக எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் அனுப்பியது. இருபது கேள்விகள். பாடத்தில் எனக்குத் தெளிவு இருக்கிறது, வகுப்பை என்னால் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்ணைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்தார். தெரிந்ததற்கு ஐந்து போட்டார். பாட்டுப் பாடிக் கற்பிப்பேன் என்ற கேள்விக்கு மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ஒன்று போட்டார். கூட்டினால் தொண்ணூற்றொன்று வந்தது. சின்னக் கணக்கு மேட்ச் பார்க்கிற அவசரத்தில் ஒரு கேள்வியையும் படிக்கவில்லை. முதல் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்தான். மொத்தம் இருபது.

வருடக் கடைசியில் அதே படிவம் திரும்ப வந்தது. அன்றைக்கும் ஒரு மேட்ச் இருந்தது. இந்தத் தடவை அவன் கடைசிக் கட்டத்தில் கோடு இழுத்தான். நூறு. பெரிய கணக்கு இடையில் ஒரு நாள் பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிப் பார்த்திருந்ததால், பாட்டுக்கு இரண்டு போட்டார். தொண்ணூற்றிரண்டு.

மையம் கழித்துப் பார்த்தது. சின்னக் கணக்கின் வளர்ச்சி எண்பது. அந்த மண்டலத்திலேயே அவ்வளவு வளர்ந்த ஆசிரியர் வேறு யாரும் இல்லை. அவனை மேடையேற்றி, சால்வை போர்த்தி, கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெரிய கணக்குக்கு இளஞ்சிவப்புத் தாளில் தபால் வந்தது. வளர்ச்சி: ஒன்று. வகை: வளர்ச்சி குன்றியவர். தங்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அடியில் இரண்டு கைகள் ஒரு செடியைத் தாங்குவது போலப் படம் போட்டிருந்தது.

கேடயம் பெரிய கணக்கின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. தம்பியின் வாடகை அறையில் வைக்க இடமில்லை என்று அவர் மனைவி அதை வாங்கி டிவிக்கு மேலே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் செய்தி பார்க்கிற ஆசையே போய்விட்டது. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அவள் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினாள். பால்காரர் கேட்டார், எதற்குக் கொடுத்தார்கள் என்று. என் தம்பி ரொம்ப வளர்ந்துட்டான் என்றாள். பெரிய கணக்கு உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சரியான விடை ஒன்றைத் தப்பு என்று அடித்துவிட்டு, பிறகு அதைத் திருத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

அவனைத் திட்டவும் வழியில்லை. அவன் கேடயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. மாமா, எட்டாம் வகுப்புல இந்தப் பின்னம் வகுக்கிறதை எப்படிச் சொல்றது, எனக்கே புரிய மாட்டேங்குது என்று வழக்கம்போல வந்து நின்றான். இவன் எனக்கு மேலே என்று பெரிய கணக்கின் வயிறு எரிந்தது. சொல்லிக்கொடுத்தார். எரிச்சலோடு சொல்லிக்கொடுத்ததால் இன்னும் தெளிவாகவே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

பள்ளி திறந்த முதல் வாரம் சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியர் பதவிக்கு இனிமேல் சர்வீஸைப் பார்ப்பதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் அதிகம் வளர்ந்தாரோ அவருக்கே நாற்காலி. பெரிய கணக்கு அதை நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். எண்பதும் ஒன்றும் கண் முன்னால் வந்து நின்றன.

வீட்டில் சொன்னபோது மனைவிக்குக் கவலையே வரவில்லை.

"யாருக்குக் கிடைச்சா என்னங்க? உங்களுக்கு வந்தாலும் நம்ம வீடு, தம்பிக்கு வந்தாலும் நம்ம வீடு" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் நான் நின்ற இடத்தில் அவன் உட்கார்வான், நான் லீவு லெட்டரை அவனிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பொறாமை என்பாள். பொறாமைதான். அதனால் சொல்லவில்லை.

மறுநாளே மையத்துக்குப் போனார். போன நேரத்தில் சிரித்த முகம்தான் மிச்சமிருந்தது, ஒட்டிக்கொண்டார். நான்காவது மாடியில் இயக்குநர் அம்மாள் இருந்தார். மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துக் கேட்கிற பழக்கம். பெரிய கணக்கு தன் பத்து வருடத் தேர்ச்சிப் பட்டியலை மேஜையில் விரித்தார். அந்த அம்மாள் அதைத் தொடாமல் பார்த்தார்.

"நீங்க நல்லா பாடம் நடத்துறீங்க சார், ஒத்துக்கறேன். பசங்க பாஸ் பண்றாங்க, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அதுல எங்க பங்கு என்ன இருக்கு? நாங்க இல்லாமலே நல்லா இருக்கிற ஒருத்தரை நாங்க எந்த அறிக்கையில சேர்க்கிறது? பசங்க படிக்கிறதெல்லாம் வேற துறை சார். எங்க வேலை ஆசிரியர் வளர்றது. உங்களை மாதிரி மேலேயே நிக்கிறவங்களால எங்களுக்குக் கெட்ட பேரு."

அப்படியானால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் பெரிய கணக்கு.

"கொஞ்சம் கீழே இறங்கி வாங்க சார். நாங்க தூக்கி விடறோம்."

கீழே இறங்க வழி இருந்தது. தன்னைத்தானே அதிகமாக மதித்துவிட்டதாக ஒப்புக்கொண்டு மறுமதிப்பீட்டுக்கு மனுக் கொடுக்கலாம். அரவணைப்பு அலுவலர் ஒருவர் வகுப்புக்கு வந்து பார்ப்பார். உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவர் என்று அவருக்குத் திருப்தியானால், தொடக்க மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அங்கிருந்து வளரத் தடையில்லை. பெரிய கணக்கு அங்கேயே மனு எழுதினார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எழுதினார். இருந்தாலும் கையெழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது.

அலுவலர் ஒரு வியாழக்கிழமை வந்தார். சின்ன வயது. கையில் டேப்லெட். வந்ததிலிருந்து ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெரிய கணக்கு முதல் நாளே வீட்டில் தவறுகளை ஒத்திகை பார்த்திருந்தார். கரும்பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பினார். நாற்பது பிள்ளைகளும் தலையைக் குனிந்து ஐம்பத்து நான்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. வகுப்புக் கட்டுப்பாடு, ஐந்து என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

அந்த ஐம்பத்து நான்கு கரும்பலகையில் நிற்பதைப் பெரிய கணக்கால் சகிக்க முடியவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார், காலில் முள் குத்தியது போல இருந்தது. அழித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதி, நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றார். தவற்றைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார் என்று அதற்கும் ஐந்து விழுந்தது. போகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். மாணவர்கள் தாமாகச் சிந்திக்க இடம் கொடுத்தார், ஐந்து. கடைசி முயற்சியாக எந்தப் பாடமும் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலர் எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றுச்சூழலோடு இணைத்துக் கற்பித்தார் என்று எழுதினார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள். அலுவலர் பக்கத்தில் வந்து, இது கடைசிக் கேள்வி, இந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். பெரிய கணக்கு நடித்து நடித்துக் களைத்துப் போயிருந்தார்.

"வயிறு எரியுது சார்" என்றார்.

"யாரைப் பார்த்து?"

"என் மச்சினனைப் பார்த்து. ஒரு கேள்வியைக் கூடப் படிக்காம கோடு போட்டான் சார் அவன். அந்தக் கேடயம் என் வீட்டு டிவி மேல இருக்கு. சாப்பிட உட்கார்ந்தா அது கண்ணுல படுது. என் பொண்டாட்டி அதை என் துண்டால துடைக்கிறா."

அலுவலரின் சிரிப்பு முதன்முறையாக நின்றது. கண்கள் விரிந்தன. இதைத்தான் சார் தேடிட்டு இருந்தேன் என்று பெரிய கணக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்மனம் முழுக்க நொறுங்கிக் கிடக்கிறது, அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டிய ஆள் என்று எழுதினார். அதுவரை கொடுத்த ஐந்துகளை எல்லாம் அடித்துவிட்டு எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டார். மொத்தம் இருபது. அதுவும் மனதுக்கு ஒப்பாமல் போக, படிவத்தில் இருபதுக்குக் கீழே கட்டம் இல்லாததால், ஓரத்தில் கையால் பத்தொன்பது என்று எழுதி முத்திரை குத்தினார். பெரிய கணக்கு மனதுக்குள் கழித்துப் பார்த்தார். நூறுக்கு ஏறினால் எண்பத்தொன்று. மச்சினனைவிட ஒன்று கூடுதல். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதன்பின் அவரை மையம் தாங்கத் தொடங்கியது. பயிற்சிகள் எல்லாம் பள்ளி நாட்களில்தான் நடந்தன. விடுமுறை நாளில் வைத்தால் ஆசிரியர்களுக்கு அசதியாக இருக்கும் என்றார்கள். முதல் பயிற்சியில் அறுபது பேரை வட்டமாக நிற்க வைத்து, நூல்கண்டு ஒன்றைக் கொடுத்து, தன்னைப் பற்றி ஒரு குறையைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு எறியச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அறுபது பேரும் சிக்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வரை சிக்கெடுத்தார்கள். ஆசிரியர் சமுதாயம் தன் சிக்கலைத் தானே அவிழ்த்துக்கொண்டது என்று பயிற்றுநர் முடித்து வைத்தார். இரண்டாவது பயிற்சியில் உங்களை ஒரு மரமாக வரையுங்கள் என்றார்கள். பெரிய கணக்கு ஸ்கேல் வைத்து மரம் வரைந்ததால், மறுபடியும் முதலிலிருந்து வரச் சொல்லி அனுப்பினார்கள். விரல் நுனியில் தட்டுவது தூறல் கைதட்டல், உள்ளங்கையில் தட்டுவது மழைக் கைதட்டல், தொடையில் தட்டுவது இடி என்று ஒரு வாரம் போயிற்று. ஆசிரியர் தினமும் வகுப்பில் இருப்பதன் அவசியம் என்ற பயிற்சி மட்டும் தொடர்ந்து ஆறு வேலைநாட்கள் நடந்தது.

அங்கேயும் பொறாமை அவரை விடவில்லை. வேறொரு பள்ளிக்கூடத்துப் புவியியல் வாத்தியார், பயிற்றுநர் தோளைத் தொட்ட உடனேயே கண்ணீர் விடுவார். அதற்குத் தனிப் புள்ளி. பெரிய கணக்குக்குக் கண்ணீர் வரவே வராது. புவியியலின் கேடயத்தைக் கற்பனை செய்து பார்த்தார், உடனே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கை யார் எடுப்பது என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் வந்தது. விடையை அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. சின்னக் கணக்கு நூறுக்கு நூறு வளர்ந்து முடித்தவன். மேற்கொண்டு வளர இடமில்லாததால் எந்தப் பயிற்சிக்கும் அவனைக் கூப்பிட விதி இல்லை. தினமும் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரே ஆசிரியர் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அவனைப் பத்தாம் வகுப்புக்குள் தள்ளிவிட்டார்கள். அவன் இரண்டு நாள் பேயறைந்தவன் போலத் திரிந்தான். மூன்றாம் நாள் போன் செய்து, மாமா, இந்தக் கோபுரத்தோட உயரம் கண்டுபிடிக்கிற கணக்கு பாதியில நின்னுடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க என்றான். முழுசா வளர்ந்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்றது என்று பெரிய கணக்கு போனை வைத்தார். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. கூப்பிடாததும் அவருக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பயிற்சி முடித்தார் பெரிய கணக்கு. கடைசிப் படிவத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். நூறு. விழாவில் இயக்குநர் அம்மாள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார். இந்த ஆண்டு மட்டும் மூவாயிரம் ஆசிரியர்களை வகுப்பறையிலிருந்து மீட்டிருக்கிறோம் என்றார். கைதட்டல் மழையாகி இடியாகி ஓய்ந்த பிறகு தொடர்ந்தார்.

"இவர் எங்ககிட்ட வரும்போது எல்லாம் தெரிஞ்சவரா வந்தார். அதை முதல்ல நாங்க எடுத்தோம். ஒண்ணுமே தெரியாத நிலைக்குக் கொண்டு வந்தோம். இப்போ பாருங்க, எப்படி நிக்கிறாருன்னு. எட்டு மாசமா வகுப்புக்கே போகல. முகத்துல எவ்வளவு தெளிவு!"

கேடயத்தை வாங்கிக்கொண்டு பெரிய கணக்கு கூட்டத்தில் மச்சினனைத் தேடினார். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே எட்டு மாதமாகக் காத்திருந்தவர். மனைவி மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து விரல் நுனியில் தட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வாம், வர முடியவில்லையாம். மேடையில் இருந்து இறங்கும்போதே கேடயம் கையில் கனத்தது.

நாற்காலி கிடைத்தது. பீரோவை நினைத்த சுவரோரம் நகர்த்தினார். முதல் நாள் பதினோரு மணி வாக்கில் பத்தாம் வகுப்புப் பக்கமிருந்து சத்தம் வந்தது. வாத்தியார் இல்லாத வகுப்பு போலிருந்தது. உள்ளூர ஒரு குளிர்ச்சியோடு எழுந்து போனார். நாலு பேர் பார்க்க அவனைக் கண்டிக்கலாம்.

ஜன்னலோரம் நின்று பார்த்தார். மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு கரும்பலகை முன்னால் நின்றிருந்தான். இந்த இடத்துல எனக்கும் புரியல, யாருக்காவது தெரியுதா என்று கேட்டான். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெரிய கணக்குக்கு அவளைத் தெரியும். அவர் வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே அழுதுவிடுவாள். அவள் போய் மச்சினன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு, இந்த வரியிலதான் சார் தப்பு என்று கோடு போட்டாள். இல்லை, இங்கே என்று இன்னொருவன் கத்தினான். வகுப்பே எழுந்து நின்று சண்டை போட்டது. சண்டையின் முடிவில் சரியான விடை வந்தது. மச்சினன் அட ஆமாம் என்று சிரித்து, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் பெரிய கணக்கின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கியதில்லை. ஐம்பத்து நான்கை அப்படியே எழுதிக்கொண்ட நாற்பது தலைகள் ஞாபகத்துக்கு வந்தன. கேடயத்தைப் பார்த்து எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று அப்போது தெரிந்தது. இதுதான் எரிச்சல். கண்டிக்க வந்தவர் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவரால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. கோப்பைத் திறந்தால் சிரிப்பு கேட்டது. ஜன்னலைச் சாத்தினால், சத்தம் வராததால் என்ன நடக்கிறதோ என்று இருந்தது. திருப்புதல் தேர்வு மதிப்பெண்கள் கையெழுத்துக்கு வந்தன. அவர் எடுத்த வருடங்களைவிட ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்த அழுகிற பெண் தொண்ணூறு வாங்கியிருந்தாள். அந்தத் தாளை மட்டும் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. வீட்டிலும் விடிவில்லை. பசங்க அவனைச் சுத்திச் சுத்தி வர்றாங்களாமே என்று மனைவி சொன்னாள். இரண்டு கேடயங்களும் டிவி மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவற்றை அவள் இப்போது துடைப்பதுகூட இல்லை.

அந்த வாரம் மையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முழுமை அடைந்த ஆசிரியர்கள் வகுப்பறையில் வீணாவதைத் தடுக்க, அவர்களை முதன்மைப் பயிற்றுநர்களாக மையத்துக்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். தலைமையாசிரியர்கள் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். பெரிய கணக்கு அதைப் படித்துவிட்டு அறையின் கதவைச் சாத்தினார்.

மச்சினன் பெயரை எழுதிவிட்டு, பரிந்துரைக்கான காரணம் என்ற இடத்துக்கு வந்தார். அங்கே, இவர் வகுப்பில் மிக நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று எழுதினார். ஒரு வருடமாக அவர் நிரப்பிய படிவங்களிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அனுமதி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மையம் எந்தக் காரியத்திலும் அவ்வளவு வேகம் காட்டியதில்லை.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் வந்து நின்றான். முகம் விழுந்திருந்தது.

"மாமா, பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே. இப்பதான் எனக்கே கொஞ்சம் புரிய ஆரம்பிச்சிருக்கு."

"மேலிடத்து உத்தரவுப்பா. நான் என்ன பண்றது?" என்றார் பெரிய கணக்கு. அவன் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டில் எதையோ தேடினார்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தம்பிக்கு நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. இவ்வளவு நல்ல மனசை இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்தீர்களே என்று புருஷனைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பெஞ்சு இழுபட்டது. யாரோ எதையோ எறிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சல் எழுந்தது. வாத்தியார் இல்லாத வகுப்பின் கூச்சல்தான், சந்தேகமே இல்லை. பெரிய கணக்கு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் எத்தனையோ நாளாக இருந்த எரிச்சல் மெல்ல அடங்கியது.

கதவை யாரோ தட்டினார்கள். மூன்றாவது பெஞ்சுப் பெண். வாசலிலேயே நின்றாள். இனிமேல் எங்களுக்குக் கணக்கு யாரு சார் என்று கேட்டாள். ஏற்பாடு நடக்கிறது என்றார். அவள் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"நீங்க வருவீங்களா சார்?"

பெரிய கணக்குக்குச் சட்டென்று உடம்பு நிமிர்ந்தது. மேஜை விளிம்பில் கையை ஊன்றி எழுந்தே விட்டார். இழுப்பறையைத் திறந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்தார்.

"அந்த சார் திரும்பி வர்ற வரைக்கும் மட்டும்" என்றாள் அவள்.

பெட்டியை மறுபடி உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினார். எனக்கு இன்னைக்குப் பயிற்சி இருக்கும்மா என்றார். அன்று அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.